ஒரு கோடுகூட விழவில்லை

நிகழ்ச்சி முடியப் போகிறது என்பது எனக்குக் கால்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விளக்கு அணைந்ததும் முக்கால்வாசிப் பேர் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். கடைசிப் பாட்டு தொடங்கியதும் அந்தக் கால்கள் தரையைத் துழாவ ஆரம்பிக்கும். ஒரு கால் தன் செருப்பைக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்த இரண்டு நிமிடத்தில் அதன் சொந்தக்காரர் என் கதவருகே வந்து நிற்பார். பதினாறு வருடமாக இந்த உல்லாசக் கப்பலின் அரங்கத்துக் கதவில் நிற்கிறேன். இதில் நான் ஏமாந்ததே இல்லை.

ஐயா, கப்பலின் பாதுகாப்பு அதிகாரி என்ற முறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். பேனா தந்தீர்கள், தாள் தந்தீர்கள், குடிக்கத் தேநீரும் தந்தீர்கள். நன்றி. முதல் நாள் நான் வாயால் சொன்னதில் ஓர் இடம் சரியில்லை. அந்த இடம் வரும்போது திருத்திச் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

எங்கள் அரங்கத்தில் அறுநூற்று நாற்பது இருக்கைகள். பின்பக்கம் இரண்டு கதவுகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நான் வலப்பக்கம் நிற்பேன், மற்றதில் ஆள் கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் அவசர வழிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் போக வேண்டுமானால் மேடை வெளிச்சத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் போக வேண்டும். முதுகைக் காட்டிப் போகத் தயங்காதவர்கள் முகத்தைக் காட்டிப் போகத் தயங்குவார்கள். அதனால் எல்லோரும் பின்பக்கம்தான் வருவார்கள்.

நிகழ்ச்சி ஐந்து மணிக்கு. ஆறேகாலுக்கு முடியும். சாப்பாட்டுக் கூடம் ஆறரைக்குத் திறக்கும். அங்கே ஒவ்வொருவருக்கும் மேசை எண் உண்டு, நாற்காலி உண்டு. அவர்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார முடியாது, அவர்கள் தட்டை வேறொருவர் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. இருந்தாலும் ‘பந்திக்கு முந்து’ என்று எவனோ சொல்லிவைத்ததைக் கப்பலில் ஏறியவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். கடைசிப் பாட்டு முடிந்து, ஆடினவர்களும் பாடினவர்களும் கை கோத்துக் குனிந்து வணக்கம் சொல்லும் அந்த நான்கு நிமிடம் இருக்கிறதே, அதுதான் இவர்களுக்கு மின்தூக்கிக்கு ஓடும் நேரம். ஒன்றேகால் மணி நேரம் மூச்சு வாங்க ஆடியவள் குனிந்து நிமிரும்போது எதிரே இருநூறு முதுகுகள். கைதட்ட என்ன காசா பணமா? இதைக் கேட்டுக் கேட்டுத்தான் சக ஊழியர்கள் எனக்குக் ‘கதவு வாத்தியார்’ என்று பெயர் வைத்தார்கள்.

நானும் அந்த மேடையில் நின்றவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதினோரு வாரம் பலகுரல் செய்தேன். குழந்தை அழுவது, பழைய வண்டி கிளம்ப மறுப்பது, மாமியார் தொலைபேசியில் பேசுவது என்று ஒன்பது வகை. பிறகு மேலாளர் என் தோளில் கை போட்டு, “உங்க உயரத்துக்கும் குரலுக்கும் கதவுதான் பொருத்தம்” என்றார். நான் வருத்தப்படவில்லை. முழுதும் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன், மற்றபடி இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

என் தங்கை பாப்பாவை உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சியின் கடைசியில் படிக்கட்டின் உச்சியிலிருந்து பாடிக்கொண்டே இறங்கி வருவாளே, அவள்தான். வயது முப்பத்தாறு ஆனாலும் எனக்குப் பாப்பாதான். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுவிட்டு வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் கூட உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். அவளுக்குப் பாட்டு வந்தது. நான் எங்கே வேலை பார்க்கிறேனோ அங்கேயே அவளையும் கொண்டுவந்து சேர்த்தேன். ஒன்பது வருடம் ஆகிறது.

வந்த முதல் வாரத்தில் ஒருநாள் ஊழியர்கள் சாப்பிடும் அறையில் கேட்டேன், மேலேயிருந்து பார்க்க எப்படியிருக்கிறது என்று.

“ஒண்ணும் தெரியாது அண்ணா. விளக்கெல்லாம் மூஞ்சிலயே அடிக்குது. கூட்டம் இருக்கா இல்லையான்னே தெரியல. ஆனா பின்னாடி கதவு திறந்தா மட்டும் ஒரு வெளிச்சக்கோடு விழும். அது நல்லாத் தெரியும்.”

“அப்படியா?”

“இன்னைக்கு முப்பத்தொண்ணு விழுந்துச்சு. எண்ணிக்கிட்டே குனிஞ்சேன்” என்று சொல்லிச் சிரித்தாள்.

சின்ன வயதிலும் அப்படித்தான், கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் முதலில் சிரிப்பாள். அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் அவள் எண்ணிக்கை சொல்வது வழக்கமாகிவிட்டது. இன்று இருபத்தெட்டு. இன்று நாற்பது. என் தங்கை குனிந்த தலையோடு தன்னை விட்டுப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கதவைத் திறந்துவிடுகிற கை என்னுடையது. ஒன்பது வருடம் இதைச் சுமந்துகொண்டு நின்றேன் ஐயா. யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருடம் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மேலாளர் நல்ல மனிதர், நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். புதிய முகம் வேண்டுமாம். முப்பத்தாறு வயதுக்காரியை வேறு கப்பலும் எடுக்காது. தோழியின் அழகுநிலையத்தில் வேலைக்குப் போகப் போவதாகப் பாப்பா சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒன்பது நிகழ்ச்சிகள் பாக்கி இருந்தன. ஒரே ஒருமுறையாவது முழு அரங்கமும் இருந்து அவளை வழியனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். ஓர் அண்ணன் நினைக்கக் கூடாததை நான் நினைத்துவிடவில்லை.

முதலில் கதவின் முன்னே நின்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். “ரெண்டே நிமிஷம் சார், வணக்கம் சொல்லி முடிச்சுடட்டும்.” சிலர் நின்றார்கள். சிலர் என்னை ஒரு நாற்காலியைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டுப் போனார்கள். அடுத்த நிகழ்ச்சியில், “வெளியே இப்பதான் தரை துடைச்சிருக்காங்க, வழுக்கும், கொஞ்சம் பொறுங்க” என்றேன். இது நன்றாக வேலை செய்தது. மரியாதைக்கு நிற்காதவன் இடுப்பெலும்புக்காக நிற்பான். அன்று பன்னிரண்டு கோடுதான் என்றாள் பாப்பா.

மூன்றாவது நிகழ்ச்சியில்தான் மற்றக் கதவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கப்பலில் அரங்கத்துக் கதவுகளைப் பூட்டக் கூடாது, உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும், அது விதி. நான் பூட்டவில்லை. வெளிப்பக்கம் இரட்டைக் கதவுக்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கின்றன. துப்புரவு அக்கா தன் மாப்பை அந்த நடையில்தான் சாய்த்து வைப்பார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் வெளியே போய் அந்த மாப்புக் கட்டையை இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே செருகிவிட்டு, என் கதவு வழியாக உள்ளே வந்துவிடுவேன். என் கதவில் நானே சாய்ந்து நிற்பேன். எல்லாம் முடிந்ததும் ஓடிப்போய்க் கட்டையை உருவி, இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். “ஆறு மணி ஆனா என் மாப்புக்குக் கால் முளைச்சிடுது” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்று நான்கு. அடுத்த நிகழ்ச்சியில் ஒன்றுமில்லை. மேசையில் பாப்பா நெடுநேரம் பேசாமல் சாப்பிட்டாள். பிறகு, “இன்னைக்கு ஒரு கோடுகூட விழல அண்ணா” என்றாள். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனம் நிறைந்துவிட்டால் பேச்சு வராது என்பார்கள்.

சாக்குச் சொல்லாதவர்களே கிடையாது ஐயா. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலி தாங்கவில்லை, உயிர் போகிறது என்றார். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று கிண்ணம் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தார். புலி வருது புலி வருது என்ற கதைதான். இன்னொரு நாள் ஒரு தாய், குழந்தைக்கு அவசரம் என்றார். நான் தரை ஈரம் என்றேன். அந்தப் பெண்குழந்தை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துக்கொண்டு அழுதது. விளக்கு வந்ததும் நானே துண்டு எடுத்துக் கொடுத்தேன். தரை ஈரம் என்று நான் சொன்னது அன்று பொய்யாகவில்லை.

இனி அந்தப் பெரியவர்.

அந்தப் பயணத்தில் நான்கு நிகழ்ச்சிகள். முதல் மூன்றுக்கும் அவர் மனைவியோடு வந்தார். கடைசி வரிசை, ஓரத்து இருக்கை, என் கதவிலிருந்து ஐந்தடி. மூன்று நாளும் வணக்கம் தொடங்கியதும் எழுந்து நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். திரை மூடிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. இரண்டாம் நாள் வெளியே போகும்போது, “ரொம்ப நன்றி சார், இப்பல்லாம் யாரு நிக்கிறா” என்றேன்.

“முப்பத்துமூணு வருஷம் பஸ் ஓட்டினவன் தம்பி” என்றார். “இறங்குறப்போ யாராவது ஒருத்தர் ‘நல்லா ஓட்டினீங்க’ன்னு சொல்லிட்டுப் போனா, அன்னைக்கு வீட்டுல எனக்குச் சண்டையே வராது. ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாம இறங்கலாமா?”

“இவரு பஸ்ஸுல ஏறினாலும் டிரைவர்கிட்ட பேசாம இறங்க மாட்டாரு. பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் திட்டுவாங்க” என்றார் அவர் மனைவி.

நான்காவது நிகழ்ச்சி பாப்பாவின் கடைசி நிகழ்ச்சி. மேடையேறும் முன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

“அண்ணா, கதவுகிட்டயே இருப்பல்ல?”

“வேற எங்க போவேன்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

கடைசிப் பாட்டுக்கு முன்பே மாப்புக் கட்டையைச் செருகிவிட்டு உள்ளே வந்திருந்தேன். பாட்டின் நடுவில் பாப்பா படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தாள். அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அப்போதுதான் பெரியவர் எழுந்தார். மனைவியின் தோளைத் தொட்டு, “நீ இருந்து கைதட்டிட்டு வா, நான் வெளிய நிக்கிறேன்” என்று சொன்னது எனக்குக் கேட்டது. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தார்.

“மன்னிச்சிடுங்க தம்பி” என்றார். “இப்படிப் பாதியில எழுந்திருக்கக் கூடாது. கொஞ்சம் காத்து வேணும்போல இருக்கு.”

“ரெண்டே நிமிஷம் சார். வணக்கம் முடிஞ்சதும் திறந்துடறேன்” என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கென்று சுவரில் மடக்கு இருக்கை ஒன்று உண்டு, அதை விரித்து அவரை உட்கார வைத்தேன். ஆடுகிறவர்கள் வந்து வணங்கினார்கள். கம்பியில் தொங்கும் தம்பதி வந்தார்கள். நகைச்சுவைக்காரர் வந்தார். பெரியவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். “தம்பி” என்று ஒருமுறை கூப்பிட்டார். பிறகு பாப்பா வந்தாள்.

முதல் நாள் உங்களிடம், மற்றவர்களைப்போல் இவரும் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன் என்றேன். அதுதான் சரியில்லாத இடம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் பாதியில் எழுந்து போகிற மனிதர் இல்லை என்பது அந்தக் கப்பலில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவர் எழுந்ததைப் பார்த்த கணமே ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்த கை வேர்வையில் தொப்பலாக இருந்தது. மேடை வெளிச்சத்தில் உதடு நிறம் மாறியது தெரிந்தது. வருடத்துக்கு ஒருமுறை எங்களுக்கு முதலுதவி வகுப்பு எடுக்கிறார்கள், பதினாறு முறை உட்கார்ந்திருக்கிறேன். அது என்ன என்று எனக்குத் தெரியும். என் இடுப்பில் வாக்கி-டாக்கி இருந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இசை நிற்கும், அரங்கத்து விளக்கெல்லாம் எரியும், இரண்டு நிமிடத்தில் மருத்துவர் வருவார். கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டிப்போய் அங்கிருந்தும் கூப்பிட்டிருக்கலாம். அதற்கு ஒரே ஒரு கோடுதான் விழுந்திருக்கும்.

பாப்பா குனிந்தாள். இதோ நிமிர்ந்ததும் திறக்கலாம் என்று நினைத்தேன். நிமிர்ந்தாள். எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் மறுபடி குனிந்தாள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பெரியவரின் விரல்களை என் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, நானும் தட்டினேன். அவர் மனைவி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கணவருக்கும் சேர்த்துத் தட்டுவதுபோல் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மொத்தம் நான்கு நிமிடம் பத்து விநாடி. ஒரு கோடுகூட விழவில்லை.

விளக்கு வந்தபோது பெரியவர் உட்கார்ந்தபடியே இருந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அவர் மனைவி திரும்பிப் பார்த்து, “பாருங்க, தூங்கிட்டாரு” என்று என்னிடம் சிரித்துக்கொண்டே வந்தார். நான் பொத்தானை அழுத்தினேன். மருத்துவர் எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டதற்கு, இப்போதுதான் என்றேன். ஐந்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் ஒருவேளை பார்த்திருக்கலாம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்த அம்மா கணவருடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. அவர் ஒற்றைச் செருப்போடுதான் என்னிடம் வந்திருக்கிறார். கால்களைப் பார்க்கிற நான் அதைப் பார்க்கவில்லை.

அந்த அமளியில் கட்டையை உருவ மறந்துவிட்டேன். மாப்பைத் தேடிவந்த துப்புரவு அக்கா அதைக் கதவில் கண்டார். உங்களிடம் வந்து சொன்னதும் அவர்தான். அவர்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அன்றே என்னை நீங்கள் கேட்டபோது மாப்பு என் வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது மற்றதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் சாகப் போகிறார் என்று தெரிந்தேதான் கதவைத் திறக்கவில்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை, என் தங்கைக்கு எதுவும் தெரியாது.

நேற்று மாலை அவளை என்னைப் பார்க்க அனுமதித்தீர்கள். வந்து எதிரே உட்கார்ந்தாள். நெடுநேரம் அழுதாள். நான் ஏன் செய்தேன் என்பதைச் சொன்னேன், முப்பத்தொன்று, இருபத்தெட்டு, நாற்பது எல்லாம் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“அதுக்கா?” என்றாள். “அந்தக் கோட்டுக்கா?”

“உனக்கு வலிக்கும்ல பாப்பா.”

“கதவு திறந்தா வெளிச்சத்துல நீ தெரிவ அண்ணா. அந்த இருட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரே மூஞ்சி உன்னோடதுதான். ஒரு கோடு விழுந்தா ஒரு தடவை உன்னைப் பார்ப்பேன். அதைத்தான் எண்ணினேன். போறவங்க போனா எனக்கென்ன?” பிறகு குரலே இல்லாமல், “கடைசி நாள் முழுக்கத் தேடினேன். நீ தெரியவே இல்ல” என்றாள்.

எழுந்து போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதை இதில் சேர்க்க வேண்டுமா என்று யோசித்தேன். முழுதும் எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் ஐயா, அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதிர்ச்சியில் பேசுகிறாள். அந்தக் கோடு கண்ணில் விழும்போது உள்ளே என்ன ஆகும் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். குனிந்திருக்கும்போது ஒன்று விழும், நிமிர்வதற்குள் இன்னொன்று, பதினோரு வாரம் போனாலும் அது பழகாது. அவளுக்கு வலிக்கவில்லை என்றால், பின்னே யாருக்கு வலித்தது?